புதுப்பிப்பு: வெள்ளை எழுத்தா, கறுப்பா? டயர் மாட்டியாகிவிட்டது

என் மாருதி ஜிம்னி காருக்கு வாங்கும் புது டயரில் ஒரு பக்கம் வெள்ளை எழுத்து, மறுபக்கம் வெறும் கறுப்பு. வெள்ளை எழுத்து வெளியே தெரியட்டுமா, உள்ளே போகட்டுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் வெள்ளை என்றீர்கள், மீதிப் பேர் கோத்தகிரிச் செம்மண்ணை நினைவூட்டினீர்கள். முடிவு: கறுப்புப் பக்கம்தான் வெளியே.

முதலில் வெள்ளையைத்தான் மாட்டச் சொன்னேன். எழுத்தின் மேலிருந்த நீல நிறப் பூச்சைச் சோப்புத் தண்ணீரில் கழுவியதும் பளிச்சென்று இருந்தது. தேயிலைத் தோட்டப் பாதையில் ஒரே ஒரு மழைநாள் போய் வந்தேன். எழுத்து செங்கல் நிறமாகிவிட்டது. ஞாயிறுதோறும் பிரஷும் கையுமாக உட்கார எனக்குப் பொறுமை இல்லை. தவிர, ரப்பரிலிருந்து கசியும் பாதுகாப்பு வேதிப்பொருளே காலப்போக்கில் வெள்ளையைப் பழுப்பாக்கும்.

திருப்பி மாட்ட நினைப்பவர்கள் முதலில் டயரில் சுழலும் திசைக்கான அம்புக்குறியோ, வெளிப்பக்கம் என்ற குறிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திருப்பக் கூடாது. என்னுடையதில் இல்லை. ஒரு சின்னத் தொல்லை மட்டும்: தயாரித்த வாரமும் ஆண்டும் சொல்லும் நான்கு இலக்கம் இப்போது உட்புறம் போய்விட்டது. இனி அதைப் பார்க்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும்.

அளவை மாற்றவில்லை, அதே 195/80 ஆர்15. அதாவது அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், 156 மி.மீ.; கூர்கல்லில் முதலில் அடிபடுவது அதுதான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கிப் பார்த்துவிட்டேன். எழுத்து தெரியவில்லையே என்று மசினகுடியில் யாரும் கேட்கவில்லை.