கலைச்சொல்: எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) வரும் ‘கிரேடியன்ட்’ – சாய்வா, வேறுபாடா?

அனைவருக்கும் வணக்கம்.

பெருந்தமனி வால்வுக் குறுக்கத்துக்கான எக்கோ அறிக்கையின் தமிழ் வரைவில் ‘மீன் கிரேடியன்ட்’ (mean gradient) என்பதற்குச் ‘சராசரி அழுத்தச் சாய்வு’ என்று போட்டிருக்கிறது. இதை மாற்றியாக வேண்டும்.

சாய்வு என்றால் தூரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. மலைப்பாதை நூறு அடிக்கு எத்தனை அடி ஏறுகிறது என்பது சாய்வு. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உள்ள உயர வித்தியாசம் சாய்வு ஆகாது. எக்கோ தருவது இந்த இரண்டாவதைத்தான். அலகைப் பாருங்கள்: மி.மீ. பாதரசம். ‘செ.மீ.க்கு’ என்று எங்கும் வருவதில்லை. ஆங்கிலத்தில் தளர்வாகப் புழங்கிப் பழகிவிட்டார்கள். அந்தத் தளர்வை நாமும் வாங்கிக்கொள்வானேன்?

‘அழுத்த இழப்பு’ என்பதும் சரிவராது. வால்வைத் தாண்டி ஜெட் (பீறிடும் இரத்தம்) விரியும்போது அதன் வேகத்தில் ஒரு பகுதி மறுபடி அழுத்தமாகத் திரும்புகிறது, முழுதும் இழப்பல்ல. பெருந்தமனி 3 செ.மீ.க்கும் குறுகலாக இருப்பவர்களிடம் இந்த மீட்சி கணிசமானது. அவர்களுக்கு டாப்ளர் (எக்கோவில் இரத்த வேகத்தை அளக்கும் முறை) எண், கேத் லேப் (இதயத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் கூடம்) எண்ணைவிடக் கூடுதலாக நிற்பது இதனால்தான். ‘அழுத்த வீழ்ச்சி’ என்று எழுதினால் நோயாளி தன் பி.பி. இறங்கிவிட்டது என்று படிப்பார்.

என் முன்மொழிவு: அழுத்த வேறுபாடு. ‘மின்னழுத்த வேறுபாடு’ பள்ளியிலேயே படித்த சொல்; அதே குடும்பம்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வசதி உண்டு. எக்கோ தருவது, ஒரே கணத்தில் கீழறைக்கும் பெருந்தமனிக்கும் இடையே இருக்கும் வேறுபாடு மிகுந்து நிற்கும் அளவு. கேத் லேபில் வழக்கமாகச் சொல்வது கீழறை அழுத்தத்தின் உச்சத்திலிருந்து பெருந்தமனி அழுத்தத்தின் உச்சத்தைக் கழித்த எண். இந்த இரண்டு உச்சங்களும் ஒரே கணத்தில் வருவதில்லை. முதலாவது ‘உச்ச வேறுபாடு’, இரண்டாவது ‘உச்சங்களின் வேறுபாடு’. ஒரு வேற்றுமை உருபில் வேலை முடிந்தது. முன்னதே பெரிதாக இருக்கும். இது தெரியாமல் ‘எக்கோவில் 64, கேத்தில் 50, எது தப்பு?’ என்று சண்டை போடுவார்கள். இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

சராசரிக்கும் இதே கவனம் வேண்டும். வேகத்தின் இருமடியை 4 ஆல் பெருக்கினால் வேறுபாடு: 4 மீ/நொடி என்றால் 64. வால்வு திறந்திருக்கும்போது பாதி நேரம் 2 மீ, பாதி நேரம் 4 மீ என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடுகள் 16, 64, சராசரி 40. வேகத்தை முதலில் சராசரி பிடித்தால் 3 மீ, அதற்கு 36. முதல் கணக்கே சரி. ஆகவே ‘சராசரி வேறுபாடு’ என்ற பதிவின் விளக்கத்தில் ‘ஒவ்வொரு கணத்து வேறுபாட்டின் சராசரி’ என்று எழுதிவிட வேண்டும்.

——

> என் முன்மொழிவு: அழுத்த வேறுபாடு.

சாய்வு வேண்டாம் என்பதில் உடன்பாடு. இலங்கைப் பாடநூல்களில் கிரேடியன்டுக்குப் ‘படித்திறன்’ என்று வரும். உங்கள் வாதம் அதற்கும் பொருந்தும். பெருந்தமனிக்கு எங்கள் பக்கம் ‘தொகுநாடி’. அகராதியில் இரண்டையும் தாருங்கள்.

ஆனால் ‘வேறுபாடு’ என்றால் எதற்கும் எதற்கும் இடையே? தொடரலை டாப்ளர் தன் கோட்டில் உள்ள மிக உயர்ந்த வேகத்தைக் காட்டுமே ஒழிய, அது எந்த இடம் என்று சொல்லாது. வால்வுக்குக் கீழே தசை தடித்து அடைத்தாலும் அதே 4 மீ வரும். டாப்ளர் வரைகோடு பிந்தி உச்சம் தொட்டுக் கட்டாரி போல் இருப்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஈரிதழ் வால்வுக் கசிவின் ஜெட்டைப் பிடித்துவிட்டு 5 மீ என்று எழுதுவதும் நடக்கிறது. அது வால்வு திறக்குமுன்பே தொடங்கி, மூடிய பின்னும் நீடிக்கும். ஆகவே ‘வால்விடை அழுத்த வேறுபாடு’ என்று இடத்தையும் சேர்ப்போம்.

தவிர, வால்வுக்குச் சற்றுக் கீழே உள்ள வெளியேற்றுப் பாதையிலேயே வேகம் 1.5 மீ ஆகிவிட்டால் அதையும் கழிக்க வேண்டும்: 4 × (16 − 2.25) = 55. இதைக் கழிக்காத 64 வால்வுக்கு மட்டும் உரியதல்ல.

——

> ‘வால்விடை அழுத்த வேறுபாடு’ என்று இடத்தையும் சேர்ப்போம்.

சேர்க்கலாம். அறிக்கையில் முதல் முறை முழுச்சொல், பிறகு ‘வேறுபாடு’ போதும்.

வி.டி.ஐ.க்கு ‘வேக–நேரத் தொகையீடு’ என்று வரைவில் இருக்கிறது. கணக்கு ஆசிரியருக்குச் சரி. அதன் அலகு செ.மீ.; ஒரு துடிப்பில் இரத்தம் ஓடும் தொலைவு. ‘துடிப்புத் தொலைவு’ என்றால் வால்வுப் பரப்புக் கணக்கும் புரியும். வெளியேற்றுப் பாதையின் விட்டம் 2.0 செ.மீ. என்றால் பரப்பு 3.14 ச.செ.மீ.; பாதையில் தொலைவு 20, வால்வில் 90. வால்வுப் பரப்பு 3.14 × 20 ÷ 90 = 0.70. விட்டத்தை 2.2 என்று அளந்துவிட்டால் 0.84, 1.8 என்றால் 0.57. இரண்டு மி.மீ. பிசகுக்கு இவ்வளவு, விட்டம் இருமடியாவதால். பெரிதாக்கிய படத்தில், இதயச் சுருக்கத்தின் நடுவில், உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வரைவில் உள்ள ‘போலிக் கடுங்குறுக்கம்’ என்ற சொல்லை ஏற்கிறேன் (பாய்வு குறைவதால் குறுக்கம் கடுமையாகத் தோன்றுவது). பரப்பு 1.0க்குக் கீழே, சராசரி வேறுபாடும் 40க்குக் கீழே, இதயம் தளர்ந்திருக்கிறது என்றால் இதயத்தைத் தூண்டும் டோபுடமின் மருந்தை 5 மைக்ரோகிராமில் (ஒரு கிலோவுக்கு, நிமிடத்துக்கு) தொடங்கி 20 வரை ஏற்றிப் பார்ப்பார்கள். பாய்வு கூடியதும் பரப்பு 1.0ஐத் தாண்டி விரிந்து, வேறுபாடு 40ஐத் தொடாமல் நின்றால் போலி. பரப்பு விரியாமல் வேறுபாடு 40ஐத் தொட்டால் மெய். பாய்வே கூடவில்லை என்றால் இச்சோதனை தீர்ப்புச் சொல்லாது, சி.டி.யில் வால்வின் கால்சியம் பார்க்க வேண்டும்.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது: உச்ச வேகம் எந்தச் சாளரத்தில் (மார்பில் புரோப்பை வைத்துப் பார்க்கும் இடத்தில்) கிடைத்தது என்பது. ஒலிக்கற்றை ஜெட்டின் திசையிலிருந்து 30 பாகை விலகினால் 5 மீ வேகம் 4.3 ஆகத் தெரியும். 100 என்ற வேறுபாடு 75 ஆகிவிடும். நுனிச் சாளரத்தோடு நிறுத்தாமல் பென்சில் புரோப்பை (படம் காட்டாத சிறு டாப்ளர் புரோப்) வலது மார்பெலும்போரத்தில் வைத்துப் பார்த்தார்களா என்பது அந்தக் கட்டத்தில்தான் தெரியும். அதற்கு ‘உச்சச் சாளரம்’ என்று பெயரிட்டால், இதய நுனி என்று படித்துவிடுவார்கள். ‘உச்ச வேகம் கிடைத்த சாளரம்’ என்று நீட்டியே எழுதுவோம்.