மீசப்புலிமலை ஏறியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் மதுரையிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு போகிறோம், பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருப்பார்கள். பிப்ரவரியில் வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள், அதனால்தான் அதற்கு முன்பே கிளம்புகிறோம். அந்தப் பூங்காவின் ராஜமலைப் பகுதியில் வரையாடு பார்க்க வேண்டும், டாப் ஸ்டேஷன் போக வேண்டும், அது வரைக்கும் சரி.

எங்கள் பெரிய ஆசை மீசப்புலிமலைதான். 2,640 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரமான ஆனைமுடியில் ஏற விடமாட்டார்கள் என்பதால் இதுதான் எங்களுக்கு ஆனைமுடி. கேரள வனவளர்ச்சிக் கழகத்தில் முன்பதிவு செய்து ரோடோ வேலி பக்கமிருந்து ஏறலாம் என்கிறார்கள். என் கவலை ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். அவருக்கு வலது முழங்கால் இறங்கும்போதுதான் வலிக்கும், படிக்கட்டிலேயே பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்குவார். புல்வெளிச் சரிவில் காலையில் பனி ஈரம் இருந்தால் வழுக்குமா? ஊன்றுகோல் இரண்டு வாங்கினால் போதுமா, இல்லை பாதியிலேயே திரும்புவது நல்லதா? வழிகாட்டி நம் வேகத்துக்கு நடப்பாரா?

அப்புறம், முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் கொழுக்குமலைச் சூரிய உதயம் மட்டும் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் சூரியநெல்லியிலிருந்து போகும் அந்த ஜீப் பாதை தூக்கித் தூக்கிப் போடுமாமே, முழங்காலுக்கு அதுவே சிரமமாகிவிடுமா? வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் யாராவது இருந்தால் கண்டிப்பாகப் பதில் போடுங்கள், இந்த வாரம் முன்பதிவு செய்தாக வேண்டும்.