கடலோர வீட்டில் செமி-ஹாலோ கிட்டார்: மழை பிடித்ததும் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் உரசி பஸ் (இரைச்சல்) அடிக்குது, வால்யூம் பாட் கரகரக்குது

மண்டபம்_மேப்பிள்:
கிப்சன் கம்பெனியின் இஎஸ்-335 மாடலைப் பார்த்துச் செய்த இறக்குமதி கிட்டார். செமி-ஹாலோ, அதாவது நடுவில் கட்டை, இரண்டு பக்கமும் உள்ளே வெற்றிடம். உடல் முழுக்க லேமினேட் (அடுக்கி ஒட்டிய) மேப்பிள், நடுவில் மேப்பிள் பிளாக், பாலி ஃபினிஷ் (பிளாஸ்டிக் மாதிரிப் பூச்சு), ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு (விரல் அழுத்தும் பலகை), 10-46 தடிமன் ஸ்ட்ரிங். கடலுக்கும் வீட்டுக்கும் 300 மீட்டர்கூட இல்லை. கச்சான் (மேல்காற்று) அடித்தவரை ஒழுங்காக இருந்தது. வாடை திரும்பி மழை பிடித்தபின் 1 முதல் 5 வரை ஃப்ரெட்டில் (பலகையில் பதித்த உலோகக் கம்பி) பஸ், வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) கரகரப்பு, ஸ்ட்ரிங்கை உடல்மேல் தாங்கும் பிரிட்ஜின் ஸ்க்ரூவில் பச்சை. ஹைக்ரோமீட்டர் (ஈரப்பத மீட்டர்) 82 சதவீதம் காட்டுது. ராத்திரி மட்டும் ஏசி. உடல் உப்பிடுச்சா? கேஸுக்குள் அரிசி போடலாமா?

ஆறாம்கம்பி:
உடலை விடுங்க, அது பெரும்பாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் உப்பும், ரேகை வாக்கில் மிகக் கொஞ்சம். லேமினேட்டில் நடு அடுக்கின் ரேகை குறுக்கே ஓடுவதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். 1958இல் கிப்சன் 335-ஐக் கொண்டுவந்தபோதே மேப்பிள்-பாப்லர்-மேப்பிள் லேமினேட்தான். பிரிட்ஜின் இரண்டு போஸ்ட்டும் நடு பிளாக்கில் நிற்குது. செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேல்பலகை உள்ள முழு ஹாலோ என்றால் மேல்பலகை எழும்பி ஆக்‌ஷன் (ஃப்ரெட்டிலிருந்து ஸ்ட்ரிங்கின் உயரம்) ஏறும். உங்களுடையதில் அந்த வேலை இல்லை.

ஆடுவது நெக் (கிட்டாரின் கழுத்து). பின்பக்கம் பாலி மூடியிருக்கு, ஃப்ரெட்போர்டு திறந்து கிடக்கு. ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறினால் அந்தப் பக்கம் மயிரிழை நீளும், நெக் பின்னால் வளையும். முதல் ஐந்து ஃப்ரெட்டில் மட்டும் பஸ் என்றால் சந்தேகம் அங்கேதான்.

சுருதி சேர்த்துவிட்டு 1ஆவது ஃப்ரெட்டில் கேபோ (ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, உடலோடு நெக் சேருமிடத்தில் ஆறாவது ஸ்ட்ரிங்கை அழுத்துங்க. 7ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் 0.20 முதல் 0.25 மி.மீ. இடைவெளி வேணும். ஒட்டிக்கிடந்தால் ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடி வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) நட்டை இடப்பக்கமாக எட்டில் ஒரு சுற்று தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்து, மறுநாள் அளந்து பாருங்க. ஒரே நாளில் அரைச்சுற்று போகாதீங்க. நட் முழுக்கத் தளர்ந்தும் வளைவு நிமிரவில்லை என்றால், ஒற்றைப் பக்கம் மட்டும் வளைக்கும் ராடுக்கு அதற்கு மேல் சக்தி கிடையாது. 11-49 போட்டு இழுவையைக் கூட்டணும்.

அரிசி வேண்டாம். ஈரம் இழுப்பது சொற்பம், வண்டுதான் வரும்.

ஈயப்புகை:
பாட் விஷயம். இந்த வகையில் பின்மூடி கிடையாது, பாட், ஜாக் எல்லாம் எஃப் ஹோலுக்கு (மேல்பலகையில் எஃப் வடிவ ஓட்டை) உள்ளே காற்று படும்படி தொங்குது. முதல்ல எது கரகரக்குதுன்னு பிரிச்சுப் பாருங்க: கேபிளை ஆட்டும்போது வந்தா ஜாக், குமிழைத் திருப்பும்போது வந்தா பாட். பாட்னா கான்டாக்ட் கிளீனரின் மெல்லிய குழாயை எஃப் ஹோல் வழியா விட்டு, பாட் இடுக்கில் ஒரு சொட்டு அடிச்சு, 30 தடவை திருப்புங்க. நிறைய அடிச்சா பூச்சில்லாத உள்மரம் குடிச்சுக்கும்.

கழற்றியே ஆகணும்னா, நட்டைக் கழற்றினதும் ஒவ்வொரு தண்டிலும் மீன்தொட்டி ஏர் டியூபைச் செருகி உள்ளே இறக்குங்க. திரும்பக் கொண்டுவர அந்த டியூபை இழுத்தா போதும். டியூப் இல்லாம இறக்கினவங்க பாதி நாள் எஃப் ஹோலோட மல்லுக்கட்டணும்.

பிரிட்ஜில் துடைக்காம வெறும் எண்ணெயைத் தடவாதீங்க, உப்பு எண்ணெயில் கரையாது. டிஸ்டில்டு வாட்டரில் நனைச்சுப் பிழிஞ்ச பருத்தித் துணியால துடைச்சு, உடனே உலர்த்தி, அப்புறம் ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்.

கொண்டல்:
ஏசியைப் பற்றி யாரும் சொல்லலையே. 30 டிகிரி, 80 சதவீதக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பொருளைத் தொட்டாலே நீர் கோர்க்கும். ராத்திரி முழுக்க 24இல் கிடந்த கிட்டாரைக் காலையில் ஜன்னல் திறந்த அறையில் எடுத்தால் ஸ்ட்ரிங்கும் பிரிட்ஜும் வியர்க்கும், மேலே படிந்த உப்பு கரைந்து உலோகத்தைத் தின்னும். ஏசி நின்றபின் ஒரு மணி நேரமாவது கேஸ் மூடியே இருக்கட்டும். நெக்குக்கும் தினசரி 55, 80 என்று ஏறி இறங்குவதைவிட நிலையான 65 எவ்வளவோ மேல்.

கேஸுக்குள் 50 கிராம் சிலிக்கா ஜெல் பை போட்டு முள் இறங்கவில்லை என்று புலம்புவார்கள். கேஸ் காற்றில் இருக்கும் ஈரம் இரண்டு கிராம்கூடத் தேறாது. மரத்தில் இருப்பது நூறு கிராம் கணக்கில். உள்ளே காற்றைக் காயவைக்கக் காயவைக்க மரமும் வெல்வெட்டும் விட்டுக்கொண்டே இருக்கும். 300 கிராம் போட்டு, நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் 2 மணி நேரம் வறுத்துத் திரும்பப் போடுங்க. 50க்குக் கீழே போனால் பாதியை எடுத்துடுங்க. கால்சியம் குளோரைடு டப்பா கேஸுக்குள் கூடவே கூடாது, அது நீராகி ஒழுகும்.

அந்த 82-ஐயும் நம்பாதீங்க. ஒரு பாட்டில் மூடியில் கல்லுப்பு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர். மீட்டரோடு ஜிப் பையில் 12 மணி நேரம் மூடி வைத்தால் 75 காட்டணும். வாலிநோக்கம் உப்பே போதும்.

மண்டபம்_மேப்பிள்:
உப்புச் சோதனையில் 79 வந்தது. அப்போ உண்மையில் 78. இடைவெளி 0.05தான் இருந்தது, எட்டில் ஒரு சுற்று தளர்த்தியபின் இன்று 0.15. பஸ் 1, 2இல் மட்டும் மிச்சம்.

ஆறாம்கம்பி:
இன்னொரு எட்டில் ஒன்று தளர்த்தி இரண்டு நாள் விடுங்க. 0.20 வந்த பிறகும் 1இல் மட்டும் பஸ் நின்றால், தலைப்பக்க நட்டின் (ஸ்ட்ரிங்குகள் படியும் சின்னத் துண்டு) காடி ஆழமாகிப்போச்சான்னு பாருங்க, அது ஈரத்தோடு சம்பந்தமில்லாத விஷயம். கச்சான் காலத்தில் மறுபடி அளக்கணும். அப்போது இறுக்க வேண்டியிருக்கும்.