மேற்கு டெக்சாஸ் ரேஞ்சில் மியூல் டீர் வேட்டை: நாலு பேர், முதல் தடவை, என்னென்ன பார்க்கணும்?

டல்லாஸ்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். தேங்ஸ்கிவிங் முடிந்த கையோடு நண்பர்கள் நாலு பேர் மியூல் டீர் (நீளக் காது மான்) வேட்டைக்குப் போகிறோம். மாரத்தான் ஊருக்குத் தெற்கே ஒரு தனியார் ரேஞ்ச் (கால்நடைப் பண்ணை நிலம்), மூன்று பகல். கைடு கிடையாது. ரேஞ்ச்காரர் முதல் நாள் எல்லையைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். இரண்டு பேர் கிரீன் கார்டு, இரண்டு பேர் எச்-1பி வேலை விசா. கையில் இருப்பது ஒரு .270 ரைஃபிள், ஒரு 6.5 கிரீட்மூர் ரைஃபிள். மற்ற இருவருக்கும் இரவல். இதுவரை பழக்கம் ஒயிட்டெயில் (வெள்ளைவால் மான்) மட்டும், அதுவும் ஃபீடர் என்னும் தீனி போடும் கருவிக்கு எதிரே பிளைண்ட் என்னும் மறைவிடத்தில் உட்கார்ந்து நூறு யார்டுக்குள்.

எச்-1பி-யில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடலாமா? எவ்வளவு தூரத்துக்குச் சுட்டுப் பழகணும்? கறியைக் கெடாமல் டல்லாஸ் வரை ஏழெட்டு மணி நேரம் எப்படிக் கொண்டுவருவது?

படிவம்4473:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மற்றதில் தவறினால் மான்தான் போகும், இதில் தவறினால் விசா போகும்.

குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் வரும். காசு கொடுத்து வாங்கினால்தான் என்றில்லை, நண்பருடையதைச் சுடுதளத்தில் ஐந்து நிமிடம் கையில் பிடித்தாலும் 'வைத்திருப்பது'தான். விதிவிலக்குகளில் நமக்கு உதவுவது ஒன்று: அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். ஆகவே முதலில் ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைப் பயிற்சி வகுப்பு), அப்புறம் லைசென்ஸ், அதற்கு அப்புறம்தான் சுட்டுப் பழகுவது. பலர் முதலில் சுட்டுப் பார்த்துவிட்டு, பயணத்துக்கு முந்தின வாரம்தான் லைசென்ஸ் எடுக்கிறார்கள்.

டெக்சாஸ் லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். எச்-1பிகாரர் சொந்தமாக ரைஃபிள் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். செப்டம்பர் 1 காலை கையில் புது லைசென்ஸ் இல்லையென்றால், அலமாரியில் சும்மா கிடப்பதே குற்றம். துப்பாக்கிக் கடையில் நிரப்பும் படிவம் 4473-ல் விசா நிலையும் விதிவிலக்கும் கேட்பார்கள், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) எண்ணோடு போங்கள். அதே படிவத்தில் கஞ்சாவைப் பற்றியும் கேள்வி உண்டு. பக்கத்து நியூ மெக்சிகோவில் கடை போட்டு விற்கிறார்களே என்பது இங்கே பதில் ஆகாது.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஹன்டர் எஜுகேஷன் கட்டாயம். 17 வயது தாண்டியவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். ஒரே ஒரு தடவை தள்ளிப்போட டிஃபரல் உண்டு, ஆனால் அதில் வருகிறவர் பயிற்சி முடித்தவரின் குரல் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். அப்புறம் இரண்டு இரண்டு பேராகப் பிரியும்போது யாரை யாரோடு அனுப்புவது என்ற தலைவலி. படித்து முடித்துவிடுவது சுலபம்.

துல்லியம்270:

.270-க்கு 130 கிரெய்ன் எடைக் குண்டு, கிரீட்மூருக்கு 140 அல்லது 143 கிரெய்ன் போதும். இரவல் கேட்கும் இருவருக்கும் ஒரு வார்த்தை: மேக்னம் (கூடுதல் மருந்துள்ள வலுவான தோட்டா) வேண்டாம். தோளில் உதைக்கிற துப்பாக்கிக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வான். .308, .30-06 இரண்டில் எது கிடைத்தாலும் சரி. ஜீரோ செய்ய, அதாவது ஸ்கோப் குறியையும் குண்டு விழும் இடத்தையும் ஒன்றாக்க, பயன்படுத்திய அதே தோட்டா, அதே பிராண்டு, அதே எடைதான் வேட்டைக்கும் வரணும். வேறு பெட்டியை மாற்றினால் குண்டு வேறு இடத்தில் விழும்.

ஜீரோவை 25 யார்டில் தொடங்குங்கள். பாதிப் பெட்டி வீணாவது இங்கேதான். கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு) ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது 100 யார்டில் கால் அங்குலம். 25 யார்டில் அது 1/16 அங்குலம்தான், அதாவது ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக். இது தெரியாமல் நாலு கிளிக் திருப்பிவிட்டு, நகரவே இல்லை, ஸ்கோப் பழுது என்று திட்டுவார்கள். நடுவில் விழுந்ததும் 100-க்குப் போங்கள். மும்மூன்றாகச் சுட்டு, அந்த மூன்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருப்புங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் திருப்பினால் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். வேட்டை ரைஃபிளின் குழல் மெல்லிசு, மூன்று சுட்டதும் ஆறவிடணும்.

100-ல் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே நிறுத்தினால் 200-ல் ஏறக்குறைய நேர்ப்புள்ளி. 300-ல் ஏழெட்டு அங்குலம் இறங்கும். இறக்கம் கணக்குக்குள் அடங்கும், காற்று அடங்காது. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 300-ல் ஐந்து முதல் ஏழு அங்குலம் தள்ளிவிடும். மேற்கு டெக்சாஸில் 10 மைல் காற்றை யாரும் காற்று என்றே சொல்வதில்லை.

மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுடுவது துப்பாக்கிக்கு வைக்கிற பரீட்சை. ஆளுக்கு வைக்கிற பரீட்சை வேறு. 8 அங்குலப் பேப்பர் தட்டு ஒன்றை வைத்து, கொஞ்சம் வேகமாக நடந்து மூச்சு வாங்கியபின், உட்கார்ந்து ஷூட்டிங் ஸ்டிக்ஸ் (துப்பாக்கியைத் தாங்கும் குச்சிகள்) மேல் வைத்துச் சுடுங்கள். ஐந்துக்கு ஐந்து தட்டில் விழுகிற தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. நாலு பேருக்கும் நாலு எல்லை வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ரேஞ்சில் இறங்கியதும் ஆளுக்கு இரண்டு தோட்டா சுட்டு ஜீரோவைச் சரிபாருங்கள். டிரக்கில் குலுங்கி வந்த ஸ்கோப்பை நம்பக் கூடாது.

கள்ளிமுள்:

துல்லியம் சொன்னதில் எண்களெல்லாம் சரி. ஆனால் 300 என்ற பேச்சையே எடுத்திருக்க வேண்டாம். எண்ணைச் சொன்னால் எல்லாரும் அங்கிருந்தே சுடப் பார்ப்பார்கள். அந்த நிலம் மொட்டையாகத் தெரிந்தாலும் வறண்ட ஓடையும் மடிப்பும் நிறைய. பொறுமை இருந்தால் 200-க்குள் நெருங்கலாம். முதல் தடவைக்கு அதையே எல்லையாக வையுங்கள்.

ஃபீடர் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இங்கே வேட்டையில் முக்கால்வாசி பைனாகுலர் வேலை. வெளிச்சம் வருமுன் உயரமான இடத்தில் ஏறி, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, 10×42 பைனாகுலரை முக்காலியில் மாட்டுங்கள். கையில் பிடித்துப் பார்ப்பவன் மானின் காதசைவைத் தவறவிடுவான். முழு மானைத் தேடாதீர்கள். வெள்ளைப் புட்டம், கோவேறு கழுதைக்கு உள்ளது போன்ற நீளக் காது, நெட்டுக்குத்தான செடிகளுக்கு நடுவே படுக்கையாக ஒரு முதுகுக் கோடு, இவற்றைத் தேடுங்கள். பத்து மணிக்கு மேல் முகட்டுக்குச் சற்றுக் கீழே, நிழல் பக்கம் படுத்துவிடும். வெயில் நகர்ந்து மேலே விழுந்ததும் எழுந்து பத்தடி தள்ளிப் படுக்கும். நடுப்பகலில் தூங்கப் போகிறவர்கள் அந்த ஒரு நிமிடத்தை இழக்கிறார்கள்.

மேற்கு டெக்சாஸின் டிரான்ஸ்-பேகோஸ் பகுதியில் பொது சீசன் தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளி தொடங்கி 17 நாள். டிசம்பர் நெருங்க நெருங்க ஆண் மான் பெட்டையின் பின்னால் திரியும். பெட்டைக் கூட்டம் கண்ணில் பட்டால் விட்டு நகராதீர்கள். காலையில் குளிர்காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் மேல்நோக்கி எழும். பகலில் மானுக்கு மேலே இருந்து இறங்கினால் உங்கள் வாடை அதற்குப் போகாது. கலைந்து ஓடினாலும் பின்னால் ஓடாதீர்கள். மியூல் டீர் நாலு காலும் சேர்த்துத் துள்ளிப் போய், பல சமயம் முகட்டில் நின்று திரும்பிப் பார்க்கும். ஆனால் வானம் பின்னணியாக நிற்கும் மானைச் சுடக் கூடாது. குண்டு எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது.

அங்கே ஒயிட்டெயிலும் உண்டு, அதற்கான டேக் (லைசென்ஸோடு வரும், மானில் கட்டும் சீட்டு) வேறு. மியூல் டீர் கொம்பு கவண் மாதிரி இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி பிரியும். ஒயிட்டெயிலுக்கு ஒரே தண்டிலிருந்து முனைகள் கிளம்பும். மியூல் டீர் வால் கயிறு போல மெல்லிசு, நுனி கறுப்பு. ஆளுக்கு ஆண் மான் ஒன்றுதான். பெட்டைக்குத் தனி அனுமதி வேண்டும், ரேஞ்ச்காரர் கொடுக்காவிட்டால் தொடாதீர்கள்.

நாலு பேர் என்பதால் இது: ஒரு முகட்டை எல்லையாக வைத்து இரண்டு இரண்டாகப் பிரியுங்கள். பகல் முடியும்வரை அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. ஜோடியில் ஒருவர் துப்பாக்கியில் மட்டும் தோட்டா. வேலி தாண்டும்போது சேம்பர் (தோட்டா அறை) காலி. டெக்சாஸில் தனியார் நிலத்தில் ஆரஞ்சு உடை கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள். மானுக்கு அந்த நிறம் பெரிதாகத் தெரியாது, கூட்டாளிக்குத் தெரியும். செல்போன் சிக்னலை நம்பாமல் ரேடியோவும், டவுன்லோடு செய்த வரைபடமும் வேண்டும்.

லெச்சுகியா என்று ஒரு குட்டைக் கற்றாழை தரையெல்லாம் ஈட்டி நட்டது போல நிற்கும். கெண்டைக்காலைக் கிழிக்கும், டயரின் பக்கச் சுவரைத் துளைக்கும். பக்கச் சுவரில் பிளக் அடைக்க முடியாது. முழு அளவு ஸ்பேர் டயர், முடிந்தால் இரண்டு.

டல்லாஸ்வாசி:

நன்றி. இன்றிரவே எச்-1பி நண்பர்கள் இருவருக்கும் ஆன்லைன் வகுப்பு. கறி விஷயம் யாராவது சொல்லுங்களேன். ஒருவருக்குத்தான் மான் கிடைத்தது என்றால் நாலு வீட்டுக்கும் பங்கு போட்டுக்கொள்ளலாமா?

சப்பைக்கறி:

சுட்டவுடன் ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள். நின்ற இடத்தை ஒரு கல், ஒரு செடி என்று அடையாளம் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருங்கள். நுரையோடு வெளிர்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், கிட்டேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் பொறுக்கணும். பச்சையாகச் சாணி வாடையோடு இருந்தால் குடல், பல மணி நேரம் விடணும், இல்லையென்றால் மைல் கணக்கில் எழுந்து போகும்.

கறிக்கு எதிரி சூடு. அதிகாலை உறைபனி, மதியம் சட்டையைக் கழற்றும் வெயில், அதுதான் அந்த ஊர் நவம்பர். தோல் போர்வை மாதிரி சூட்டைப் பிடித்துவைக்கும். முதலில் கெடுவது பின்தொடை, இடுப்பு எலும்பை ஒட்டிய ஆழத்தில். குடலை எடுத்துவிட்டோம் என்று தோலோடு மர நிழலில் தொங்கவிட்டுப் போனால் அங்கேதான் நாற்றம் தொடங்கும். உடனே தோலை உரியுங்கள். வயிற்றைத் திறக்காமலே ஒரு பக்கம் சாய்த்துப் போட்டு முன்சப்பை, பின்தொடை, முதுகுச் சதை எடுத்து, புரட்டிப் போட்டு மறுபக்கம் எடுக்கலாம். வயிற்றுக்குள் இருக்கும் சன்னச் சதையைக் கடைசியாக விலாவுக்குப் பின்னால் கீறி உருவணும். பின்காலின் உட்பக்க முடிக்கற்றைச் சுரப்பியைத் தொட்ட கையுறையோடு கறியைத் தொடாதீர்கள், கழுவினாலும் வாடை போகாது.

துண்டங்களைப் பருத்தித் துணிப் பையில் போட்டுக் காற்றில் சூட்டை இறக்கணும். பிளாஸ்டிக் பை வேண்டாம், வெந்துவிடும். பிறகு கூலர், உள்ளே 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே. முந்தின நாளே கூலரை ஐஸ் போட்டுக் குளிர்வித்து வையுங்கள். ஒரு மானுக்கு 120 குவார்ட் கூலர் ஒன்று என்று கணக்கு. வடிகால் மூடியைத் திறந்து, வண்டியைச் சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். கறி தண்ணீரில் ஊறக் கூடாது. கேலன் ஜாடியில் தண்ணீர் உறைய வைத்துக் கொண்டுபோனால் இந்த வம்பே இல்லை. திரும்பும்போது ஃபோர்ட் ஸ்டாக்டனில் ஐஸை நிரப்பிக்கொள்ளுங்கள்.

சமையலுக்கு ஒன்றே ஒன்று. மான் கொழுப்பை முழுக்கச் சீவி எறியுங்கள். ஆறினால் மெழுகாக அண்ணத்தில் ஒட்டும், வாடையும் அதில்தான். முதுகுச் சதையைக் குக்கரில் போட்டால் பாவம். குழம்புக்குச் சப்பையும் கால்தண்டும்தான்.

படிவம்4473:

பங்கு போடலாம், தாளோடு. மான் விழுந்த உடனே லைசென்ஸில் உள்ள மியூல் டீர் டேக்கில் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுக்கணும். பேனாவால் குறித்தால் போதாது. ரேஞ்ச் பெயர், கவுன்டி எழுதி உடலோடு கட்டணும். கறியின் ஒரு பகுதியை இன்னொருவரிடம் கொடுத்தால் அவரிடம் வைல்ட்லைஃப் ரிசோர்ஸ் டாக்குமென்ட் இருக்க வேண்டும். சுட்டவரின் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், கையெழுத்து, வாங்குபவர் பெயர், என்ன பாகம், தேதி, எந்த ரேஞ்ச், இவ்வளவுதான். வீடு வரும்வரை இரண்டு முன்சப்பை, இரண்டு பின்தொடை, இரண்டு முதுகுச் சதை என்ற அளவுக்கு மேல் அறுக்காதீர்கள். கொம்போடு தலையும் கூட வரணும்.

தலை இன்னொன்றுக்கும் வேண்டும். சி.டபிள்யூ.டி. என்னும் மான் மூளை நோய் டெக்சாஸில் முதலில் தெரிந்தது 2012-ல், ஹூவேகோ மலைப் பக்கத்து மியூல் டீரில்தான். சோதனைக்குத் தொண்டைக்குப் பின்னால் உள்ள நிணநீர்க் கணு எடுப்பார்கள், ஆகவே தலை ஐஸில் இருக்கட்டும். மனிதருக்குத் தொற்றியதாகப் பதிவு இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் அறிவுரை. முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் தனியாக வையுங்கள். அந்த கவுன்டிக்குக் கட்டாயச் சோதனை உண்டா என்று ரேஞ்ச்காரரிடம் கேளுங்கள்.

வேலியோரம்:

முன்பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கவேண்டியவை சில. மானுக்குக் காயம் பட்டுத் தப்பினால் முழுக் கட்டணமா? பல ரேஞ்சில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலே மான் கணக்கில் சேரும். கொம்பின் அளவைப் பொறுத்துக் கூடுதல் பணமா? அப்படியென்றால் 'இன்ன அங்குலத்துக்கு மேல் இவ்வளவு' என்ற வரியை முதலில் படியுங்கள். தூரத்தில் நிற்கும் மானை அங்குலக் கணக்கில் மதிப்பிட முதல் தடவைக்காரரால் முடியாது. மானைத் தூக்கிவர வண்டி தருவார்களா, குளிர் அறை உண்டா, வேறு குழு அதே நாளில் இருக்கிறதா?

அடிபட்ட மான் பக்கத்து ரேஞ்சுக்குள் விழுந்தால், அந்த உரிமையாளர் சம்மதம் இல்லாமல் வேலி தாண்டக் கூடாது, துப்பாக்கியை வைத்துவிட்டு வெறுங்கையோடு போவதும் கூடாது. நாலு பக்கத்து அண்டை வீட்டார் எண்ணையும் முதல் நாளே வாங்கிவையுங்கள்.

டல்லாஸ்வாசி:

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. கொம்பை ஊருக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டலாமா?

படிவம்4473:

போட்டோவைக் காட்டுங்கள். வனவிலங்கு உறுப்புகளை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு. சுங்கத்தில் நின்று இது அமெரிக்க மான் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

சப்பைக்கறி:

கராஜ் சுவரில் மாட்டுங்கள். மண்டையோட்டைக் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் பாத்திர சோப்போடு வேகவைத்துச் சதையை எடுங்கள். தளதளவென்று கொதித்தால் மூக்கெலும்பு கழன்றுவிடும். வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும். குளோரின் பிளீச் எலும்பை அரித்து, ஒரு வருஷத்தில் மாவாக உதிரும்.