பின்லாந்து சைமா ஏரிப் பகுதி, கிராவல் பைக்கில்: வழியும் டயரும் சரிதானா?

சரளைப்பிரியன்:
வணக்கம். ஜூலையில் ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது, பின்லாந்தின் தென்கிழக்கில் இருக்கும் சைமா ஏரியைச் சுற்றி கிராவல் பைக்கில் (சரளைச் சாலைக்கேற்ற அகல டயர் சைக்கிள்) போவது என்று முடிவே செய்துவிட்டேன். லப்பேன்ராந்தாவில் தொடங்கி இமாத்ரா, புங்காஹர்யு, சாவோன்லின்னா, அங்கிருந்து வடக்கே ஹெய்னாவெசி, பிறகு ரந்தசல்மி, சுல்காவா, பூமலா வழியாகத் திரும்ப லப்பேன்ராந்தா. தினம் 110 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சைமாவின் நீர்மட்டமே கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டர்தான், பக்கத்தில் மலை என்று சொல்லும்படி எதுவும் வரைபடத்தில் தெரியவில்லை, அதனால் 110 முடியும் என்று தோன்றுகிறது. முடிந்தவரை தார்ச்சாலையைத் தவிர்த்துக் காட்டுக்குள் போகும் மண் சாலைகளையே இணைத்து வழி வரைந்திருக்கிறேன்.

சந்தேகங்கள்: 38 மில்லிமீட்டர் டயர் போதுமா? கூடாரம் எங்கே வேண்டுமானாலும் போடலாமா? குடிக்கத் தண்ணீர், கொசு, இதெல்லாம் எப்படி? அங்கே மட்டுமே வாழும் அந்த ஏரிச் சீலை (கடல்நாய் இனம்) பார்க்க வாய்ப்பு உண்டா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மேடுபள்ளம்:
110ஐ முதலில் 75 ஆக்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மலை இல்லை என்பது உண்மை, ஆனால் சமதளமும் இல்லை. பனியுகத்தில் பனிப்பாறை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நகர்ந்து அந்த நிலத்தைச் சீப்பால் வாரிய மாதிரி வாரிவிட்டுப் போயிருக்கிறது. ஏரிகள், மேடுகள், நீளமான மணல் திட்டுகள் எல்லாம் பெரும்பாலும் அதே திசையில் நீண்டு கிடக்கின்றன. மேட்டின் முதுகிலேயே சாலை போனால் சொர்க்கம், புங்காஹர்யு அப்படித்தான், இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே பைன் மரங்களோடு ஒடுங்கலான திட்டு. அதே நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் இருபது மீட்டர் ஏற்றம், இறக்கம், மறுபடி இருபது மீட்டர் என்று நாள் முழுக்க. ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் சரளை தளர்ந்திருக்கும் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தபடியேதான் ஏற வேண்டும். பை கட்டிய வண்டிக்கு மிகச் சிறிய கியர், முன்னால் 40 பல் என்றால் பின்னால் 42 பல்லாவது வேண்டும்.

அப்புறம் காட்டுச் சாலைகள். இவை ஊரையும் ஊரையும் இணைக்கப் போட்டவை அல்ல, வெட்டிய மரத்தை வெளியே கொண்டுவரப் போட்டவை. அதனால் நல்ல அகலமான சரளைச் சாலை ஐந்தாறு கிலோமீட்டர் ஜோராகப் போய், லாரி திரும்புவதற்கான ஒரு வட்டத்தில் டக்கென்று முடிந்துவிடும். சுற்றிலும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள், ஒரு ஓரமாக அடுக்கிய கட்டைகள், அவ்வளவுதான். வழி வரையும் செயலி அந்த முனைக்கும் அடுத்த சாலைக்கும் நடுவே ஒரு மெல்லிய கோட்டைப் பார்த்துவிட்டு ‘பாதை’ என்று இணைத்துவிடும், நேரில் அது சதுப்பும் புளூபெர்ரிச் செடியுமாக இருக்கும். வீட்டிலேயே செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஒவ்வொரு இணைப்பையும் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த ஒரு வேலைக்கு ஒரு மாலைப்பொழுது செலவானாலும் பரவாயில்லை. சாலையை மறித்துக் கம்பு போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது மோட்டார் வண்டிக்கு. சைக்கிளில் ஓரமாகப் போகலாம், யாருடைய வீட்டு முற்றத்திலும் நுழையாதவரை.

டயர்: 38 ஓடும், ஆனால் கை வலிக்கும். 45 போட்டு டியூப்லெஸ் ஆக்கி, சாதாரண உடல் எடைக்குக் காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பார் வையுங்கள். சாலை சமன்படுத்தும் இயந்திரம் அப்போதுதான் போயிருந்தால் மேலே தளர்ந்த கல் ஒரு படலமாகக் கிடக்கும். அது போய் நெடுநாள் ஆகியிருந்தால் வளைவுகளிலும் இறக்கத்தின் அடியிலும் வரிவரியாக மேடு விழுந்திருக்கும். இரண்டுக்கும் அகலமான டயர்தான் பதில்.

தார்ச்சாலைக்காரன்:
மேலே சொன்னவர் டயர், கியர் எல்லாம் சரியாகவே சொல்கிறார், ஆனால் வழியைப் பற்றி எனக்கு வேறு கருத்து. தார்ச்சாலையை ஏன் இப்படித் தள்ளி வைக்கிறீர்கள்? அந்தப் பக்கத்துச் சின்னத் தார்ச்சாலைகளில் பத்து நிமிடத்துக்கு ஒரு கார் வந்தால் பெரிது. சரளைச் சாலைதான் ஏரியை அதிகம் காட்டும் என்பதும் இல்லை, காட்டு லாரிச் சாலைகள் பெரும்பாலும் காட்டின் நடுவேதான் போகும், இரண்டு பக்கமும் மரச்சுவர், தண்ணீர் கண்ணிலேயே படாது. ஏரியை ஒட்டிப் போவது பழைய ஊர்ச் சாலைகளும் பாலங்களும்தான்.

ஹெய்னாவெசியை வெட்டிவிடுங்கள் என்பேன். அந்த நேரத்தைப் பூமலா பக்கம் செலவழியுங்கள். அங்கே தீவுத் தொகுதியைச் சுற்றி வர ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சைக்கிள் வழி ஒன்று இருக்கிறது, நடுவில் ஒரு படகுப் பயணமும் உண்டு. அந்தப் படகு கோடையில் மட்டும்தான், நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். சாலையின் தொடர்ச்சியாக, கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்து ஓடும் மஞ்சள் நிறக் கம்பிப் படகுகள் வேறு, அவற்றுக்குக் கட்டணம் கிடையாது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி நின்றால் போதும். பூமலாவுக்கும் சுல்காவாவுக்கும் நடுவே ஹாதின்விர்தாவில் அப்படி ஒன்று உண்டு.

சாவோன்லின்னாவில் ஜூலையில் ஓபரா விழா, 1475இல் கட்டத் தொடங்கிய ஓலாவின்லின்னா கோட்டைக்குள்ளேயே நடக்கும். கோட்டையைப் பாருங்கள், ஆனால் அந்த ஊரில் அறை எடுக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே பதிவு செய்யுங்கள், விலையும் அப்போது உச்சத்தில் இருக்கும்.

இரண்டாம்கியர்:
கூடாரம், தண்ணீர், பூச்சி பற்றி யாரும் சொல்லவில்லையே.

அங்கே காட்டில் நடக்க, சைக்கிள் ஓட்ட, பழம் பறிக்க, ஓரிரவு கூடாரம் போட எல்லாருக்கும் உரிமை உண்டு, வெளிநாட்டவருக்கும்தான், நிலம் தனியாருடையதாக இருந்தாலும். வீடுகளிலிருந்தும் கோடைக் குடில்களிலிருந்தும் தள்ளிப் போட வேண்டும். சிக்கல் என்னவென்றால் ஏரிக்கரையில் நல்ல இடமாகப் பார்த்தால் அங்கே பெரும்பாலும் ஒரு குடில் இருக்கும். தேசியப் பூங்காக்களில் குறித்த இடத்தில் மட்டும்தான். நெருப்பு மூட்டுவது இந்த உரிமையில் சேராது, நில உரிமையாளர் அனுமதி வேண்டும், காட்டுத்தீ எச்சரிக்கை இருக்கும் நாளில் அனுமதி இருந்தாலும் கூடாது. சின்ன கேஸ் அடுப்பு கொண்டுபோங்கள்.

தண்ணீருக்கு ஒரு வழி: கல்லறைத் தோட்டங்கள். தேவாலயத்தை ஒட்டி இருக்கும், பூச்செடிக்கு ஊற்றக் கோடையில் குழாய் திறந்திருக்கும். ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம், ஆனால் வெயில் காலத்தில் கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல நீலப்பச்சைப்பாசி ஒதுங்கியிருந்தால் தொடவே கூடாது, கொதிக்க வைத்தாலும் அதன் நஞ்சு போகாது. கடைகளுக்கு நடுவே தூரம் அதிகம், பார்த்த இடத்தில் வாங்கிவிடுங்கள்.

கொசு சாயங்காலம் கூடாரம் போடும்போதுதான் தொல்லை, ஓடிக்கொண்டிருந்தால் தெரியாது. பகலில் எரிச்சல் தருவது குதிரை ஈ. நல்ல வெயிலில் ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது தலையைச் சுற்றி நாலைந்து வந்துவிடும், தடவும் மருந்தை அது பெரிதாக மதிப்பதில்லை, இறக்கம் வந்து வேகம் பிடித்தால்தான் விடும். வெளிர் நிறச் சட்டை கொஞ்சம் உதவும். இரவில் உண்ணி இருக்கிறதா என்று காலைத் தடவிப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

சீல்: மொத்தமே சில நூறுதான் இருக்கின்றன. மே மாதத்தில் ரோமம் உதிர்க்கும்போது பாறைமேல் ஏறிக் கிடக்கும், அப்போதுதான் எளிதாகக் கண்ணில் படும். ஜூலையில் நம்பிப் போகாதீர்கள்.

சரளைப்பிரியன்:
எல்லாருக்கும் நன்றி. ஹெய்னாவெசியை எடுத்துவிட்டேன், ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர் கணக்கில் வரைந்தால் பூமலாவுக்கு முழுதாக ஒரு நாள் மிஞ்சுகிறது. செயற்கைக்கோள் படம் பார்த்ததில் இரண்டு இணைப்பு நிஜமாகவே சதுப்பில்தான் போகிறது! இன்னொன்று: பாரிக்கலாவுக்குக் கிழக்கே எல்லையை ஒட்டி ஒரு நீளமான சரளைச் சாலை தெரிகிறது, அதில் போகலாமா? மழை பெய்தால் ரயிலில் ஏறிவிட முடியுமா?

மேடுபள்ளம்:
அதை விட்டுவிடுங்கள். ரஷ்ய எல்லையை ஒட்டி அதிகபட்சம் 3 கிலோமீட்டர் வரை எல்லை மண்டலம், மஞ்சள் நிற அறிவிப்பு இருக்கும், அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போனால் அபராதம். இருட்டாக இருந்தது, தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது, ஜூலையில் இரவு பத்தரைக்கும் அங்கே வெளிச்சம்.

ரயில் வசதி உண்டு. லப்பேன்ராந்தா, இமாத்ரா, பாரிக்கலா எல்லாம் ஒரே தடத்தில், பாரிக்கலாவில் மாறினால் புங்காஹர்யு, சாவோன்லின்னா போகலாம். சைக்கிள் இடம் குறைவு, நெடுந்தூர ரயிலில் அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மழை பெய்கிறதே என்று காலையில் நிலையத்துக்குப் போய் நின்றால் கோடையில் இடம் இருக்காது, முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

மறந்துவிட்டேன், சங்கிலிக்கு எண்ணெய் நிறைய எடுத்துப்போங்கள். தூசி பறக்காமல் இருக்கச் சரளைச் சாலைகளில் கால்சியம் குளோரைடு உப்பு போடுகிறார்கள், மழையில் அது சேறோடு சேர்ந்து சங்கிலியிலும் பிரேக்கிலும் ஒட்டும். மரம் ஏற்றிவரும் லாரிகள் 76 டன் வரை எடையில் வரும். சத்தம் கேட்டதும் ஓரம் கட்டி இறங்கி நின்றுவிடுங்கள்.