படகு நாளிலும் கரை நாளிலும் விடாமல் நிலைக்கிற பழக்கம்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாம்பன்கரை:
விசைப்படகுக்குப் போகிறவரிடம் "தினமும் காலை ஆறு மணிக்கு நடங்க" என்று சொல்லி அனுப்புவது வீண். ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி தொழிலுக்குப் போனால் மறுநாள் காலைதான் கரை. வாரத்தில் பாதி நாள் அந்த ஆறு மணியே அவருக்குக் கிடையாது. நாலு தடவை விட்டுப்போனதும் "நமக்கு இது சரிப்படாது" என்று ஒதுங்கிவிடுகிறார்.

அதனால் மணியை விட்டுவிடுங்கள். கடலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் எப்படியும் செய்கிற ஒரு வேலையோடு பழக்கத்தைக் கட்டுங்கள். பிரஷர் மாத்திரை என்றால் பல் துலக்கியதும். படகுக்கு எடுத்துப்போக அட்டையைக் கத்தரித்து, மாத்திரையைப் பிரிக்காமல், திருகுமூடி டப்பாவில் இரண்டு நாளைக்கானதை வையுங்கள். பிரித்துப் போட்டால் உப்புக்காற்றில் ஊறி உதிர்ந்துவிடும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

இன்னொன்று. நடை ஆரம்பிப்பவர்களில் பலர் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகு மறுபடி கடலில் இறங்கியதும் நடை நின்றுபோகிறது. இதற்குச் சோம்பல் காரணமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் (2010-ல் வெளிவந்தது) ஒரு பழக்கம் தானாக வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. ஊறி வரும் நேரத்தில் இங்கே வாழ்க்கையே மாறிவிடுகிறது. ஜூன் பிறந்ததுமே நடையைத் 'தூங்கி எழுந்து டீ குடித்ததும்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். தொழில் நாளில் கரையேறித் தூங்கி எழுந்தபின் பத்து நிமிடம் நடந்தாலும் போதும், தொடர்பு அறாது. ஒரு நாள் விட்டால் ஒன்றும் கெடாது என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான்.

கீழக்கரைவாசி:
அண்ணே சொல்வது சரி. எங்கள் பக்கம் அப்படிக் கட்டத் தொழுகை இருக்கிறது. பஜர் (அதிகாலைத் தொழுகை) முடிந்து நேராக வீட்டுக்கு வராமல் கடற்கரை சுற்றி வந்தால் 20 நிமிடம், வாரத்துக்கு 140. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற 150-க்கு ஒரு நாள் அஸருக்கு (பிற்பகல் தொழுகை) பின் கொஞ்சம் நடந்தால் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, வேகம் அவ்வளவுதான்.

பொதபொத மணலில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நீர் வற்றிய ஈரமணலில் நடங்கள். கரை சரிவாக இருப்பதால் போன வழியிலேயே திரும்புங்கள். இல்லாவிட்டால் ஒரே கால் பாரம் தாங்கும். சுகர் உள்ளவர்கள் வெறுங்காலோடு போகவே வேண்டாம். கிளிஞ்சலோ தூண்டில் முள்ளோ குத்தியது மரத்த காலுக்குத் தெரியாது.

நோன்புக்கு மாத்திரை நேரத்தை நாமாக மாற்றக் கூடாது. நோன்புக்கு முந்தைய மாதமான ஷஃபானிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நோன்பில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அப்போதே நோன்பை முறித்துவிட வேண்டும்.

மண்டபம் அடுப்படி:
நடையைப் பற்றிப் பேசுகிறோம், உப்பை விட்டுவிட்டோமே. கருவாடு இல்லாத வீடு இந்தக் கரையில் ஏது?

உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். இதைத் தினமும் யாரும் அளக்கப்போவதில்லை. பாக்கெட்டைப் பிரித்த அன்று அதன் மேலேயே தேதி எழுதுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ 50 நாளாவது வர வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில் உள்ள உப்பு இதில் சேராது; ஆகவே இரண்டு மாதத்துக்கு மேல் வந்தால்தான் நல்லது. ஒரே மாதத்தில் தீர்ந்தால் கை தாராளம் என்று அர்த்தம்.

கல் உப்பிலிருந்து தூள் உப்புக்கு மாறும்போது பழைய கரண்டிக் கணக்கு ஏமாற்றும். கல்லுக்கு நடுவே காற்று நிற்கும், தூள் அடைந்து உட்காரும். ஒரே கரண்டியில் தூள்தான் கனம். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்திலிருந்து நேராக வாங்கும் உப்பில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள், அதையும் பாருங்கள்.

கருவாட்டைத் தலை, செதில் நீக்கித் துண்டு போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். சீலா மாதிரித் தடித்த கருவாட்டுக்கு இரண்டு தடவை. நெத்திலிக்கு பத்து நிமிடம் போதும், மிஞ்சினால் கரைந்துவிடும். முழுசாகப் போட்டால் உள்ளிருக்கும் உப்பு இறங்காது. குழம்புக்கு முதலில் உப்பே போடாதீர்கள். கத்தரிக்காயும் கருவாடும் புளியில் கொதித்து இறங்கும்போது நாக்கில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் உப்புக் கிண்ணம் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

தொண்டிக்காரன்:
மண்டபம் அக்கா, பாக்கெட்டில் தேதி எழுதுவது நல்ல யோசனை. தண்ணீருக்கும் அப்படி ஒன்று உண்டு. தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்றிருந்தால் படகில் யாரும் குடிப்பதில்லை. வலை இழுத்து மீனைத் தட்டியதும் ஆளுக்கு ஒரு செம்பு என்று வைத்துவிட்டால் யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். கேனை டீசல் பக்கம் வைக்காதீர்கள். வாடை ஏறினால் குடிக்கவே மாட்டார்கள்.

கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். நீர்க்கடுப்பு அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கரையேறியதும், பாசியை எடை போடக் கொடுப்பதற்கு முன்னாலேயே, இரண்டு செம்பு குடித்துவிட வேண்டும். அதற்கு பாட்டிலைக் கூடையிலேயே கட்டிவிடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் இன்னும் குடிக்க வேண்டும். எரிச்சலோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.