பேஸ்மென்ட் படுக்கையறைக்கு வைஃபை எட்டவில்லை, திங்கள் காலை நேர்காணல்!

புதுக்குடித்தனம் (வெள்ளி, இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து கனடாவின் ஸ்கார்பரோவுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு வீடியோ நேர்காணல். இந்த ஊரில் கிடைத்திருக்கும் முதல் அழைப்பு இதுதான். சமையலறையில் நின்றால் வைஃபை நன்றாக வருகிறது. படுக்கையறைக்குள் வந்து கதவைச் சாத்தினால் செத்துவிடுகிறது. நேற்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது என் முகம் அவர் திரையில் அப்படியே உறைந்து நின்றுவிட்டதாம். நான் ஏதோ கோபத்தில் பேசாமல் முறைக்கிறேன் என்று நினைத்து அழவே ஆரம்பித்துவிட்டார்.

எங்களுக்கு இருப்பது ஓர் அறையும் சமையலறையும்தான். மூன்று வயதுப் பையனைக் கணவர் சமையலறையில் வைத்துச் சமாளிப்பார். நான் அறைக்குள் இருந்தாக வேண்டும். கடையில் விதவிதமான பெட்டிகள் இருக்கின்றன. நூறு டாலருக்குள் எதை வாங்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மார்க்கம்வாசி91 (வெள்ளி, இரவு 10:05)

தங்கச்சி, முதலில் அந்த பேஸ்மென்டை விட்டு வெளிக்கிடப் பாருங்கள். நான் 1991 ஜனவரியில் வந்து இறங்கியபோது ஒரு பேஸ்மென்டில் ஒன்பது பேர் இருந்தோம். பகல் வேலைக்குப் போகிறவர் எழும்ப, இரவு வேலை முடித்து வந்தவர் அதே போர்வைக்குள் புகுந்துவிடுவார். அந்தப் போர்வை ஒரு நாளும் ஆறியதில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போட்டால் பதில் வர மாதக்கணக்காகும். அம்மாவின் முகத்தை நான் மறுபடி பார்க்க ஏழு வருடம் பிடித்தது. உங்களுக்கு ஒரு நிமிடம் உறைந்ததற்கே அழுகை.

சொல்ல வந்தது இதுதான்: சொந்தமாக ஒரு இணைப்பு எடுங்கள். இரவல் சீலை இடுப்பில் நிற்காது.

பிராம்ப்டன்அக்கா (வெள்ளி, இரவு 10:20)

ஒரு ரிப்பீட்டர் வாங்கி அறைக்குள்ளே சொருகுங்கள்மா. முப்பத்தைந்து டாலர்தான். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக ஓடுகிறது. இதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம்.

கோவை_ஓக்வில் (வெள்ளி, இரவு 10:48)

தயவுசெய்து ரிப்பீட்டர் வாங்காதீர்கள். நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன். மலிவான ரிப்பீட்டரில் ஒரே ஒரு ரேடியோதான் இருக்கும். அது ரூட்டர் சொல்வதைக் கேட்டு, பிறகு அதையே உங்கள் லேப்டாப்புக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்கும்போது அதனால் பேச முடியாது. வேகம் பாதியாகிவிடும். மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் (பெட்டிகள் ஒன்றோடொன்று பேசி வீடு முழுக்க ஒரே வைஃபையாகப் பரப்பும்) வாங்கி ஆளுக்கொரு மூலையில் வையுங்கள். நூறு டாலருக்குள் வேலை முடிய வேண்டும் என்று நினைப்பதை முதலில் விடுங்கள்.

நான் வந்த புதிதில் மூன்று மாதம் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவினேன். எம்.டெக். படித்தவன்.

பிராம்ப்டன்அக்கா (வெள்ளி, இரவு 10:55)

ஓர் அறை வீட்டுக்கு மூன்று பெட்டியா? நன்றாக இருக்கிறது.

தோபாயோ_தமிழன் (சனி, காலை 1:15)

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கதையைக் கேட்டால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். 1998க்குப் பிறகு வடிவமைத்த வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வீட்டுக்குள்ளேயே ஒரு காப்பறை உண்டு. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்காகக் கட்டியது. இப்போதைக்கு அரிசி மூட்டையும் பழைய சூட்கேஸ்களும்தான் அதில் ஒளிந்திருக்கின்றன. ரூட்டர் ஒரு பக்கம், படுக்கையறை மறுபக்கம், நடுவில் இந்தப் பீரங்கிச் சுவர். நான் மின்கம்பி வழியாக இணையம் கடத்தும் பவர்லைன் அடாப்டர் போட்டேன். அருமையாக வேலை செய்கிறது. அதையே வாங்குங்கள்.

கோவை_ஓக்வில் (சனி, காலை 8:30)

சிங்கப்பூர் வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது. கனடா வீடுகளுக்கு மின்சாரம் இரண்டு 120 வோல்ட் பிரிவுகளாக உள்ளே வருகிறது. ஒரு அடாப்டர் ஒரு பிரிவிலும் மற்றது அடுத்த பிரிவிலும் அமைந்துவிட்டால் சிக்னல் தேய்ந்துபோகும். எந்தப் பிளக் எந்தப் பிரிவு என்று வெளியே எழுதி ஒட்டியிருக்காது. பவர் பாரில் (பல பிளக் சொருகும் நீட்டிப்புப் பலகையில்) சொருகினால் இன்னும் மோசம்.

புதுக்குடித்தனம் (சனி, காலை 9:10)

எல்லோருக்கும் நன்றி, ஆனால் தலை சுற்றுகிறது. சொந்த இணைப்பு இப்போதைக்கு முடியாது. வாடகையிலேயே இணையமும் சேர்த்திதான். ரூட்டர் எங்கள் பக்கம் இல்லை, மேலே வீட்டுக்கார அம்மாவின் முன்னறையில் இருக்கிறது. ஊரிலிருந்து பழைய ரூட்டர் ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன், அது உதவுமா?

கோவை_ஓக்வில் (சனி, காலை 9:14)

ரூட்டர் மேல்மாடியில் இருக்கிறது என்பதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நள்ளிரவு வரைக்கும் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிராம்ப்டன்அக்கா (சனி, காலை 9:30)

அப்படியானால் வீட்டுக்காரர் வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார். எங்கள் பழைய வீட்டுக்காரர் தெர்மோஸ்டாட்டைப் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வைத்திருந்தார். மீன் பொரித்தால் மேலேயிருந்து காலால் தட்டுவார். துணி துவைக்க வாரத்தில் ஒரே நாள், அதுவும் அவர் மகன் வராத நாளில்.

மார்க்கம்வாசி91 (சனி, காலை 9:52)

நானும் இப்போது வீட்டுக்காரன்தான், பிள்ளை. மற்றப் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் கீழ்வீட்டில் இருந்த பெடியன் ஒருவன் இரவிரவாகப் படம் இறக்கினான். எச்சரிக்கைக் கடிதம் என் பெயருக்கு வந்தது. 2015இலிருந்து கனடாச் சட்டம் அப்படித்தான்: பதிப்புரிமைக்காரர் அனுப்பும் அறிவிப்பை இணைய நிறுவனம் சந்தாதாரருக்கு அனுப்பியே ஆக வேண்டும். சந்தாதாரர் நான். படம் பார்த்தது அவன். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுகிறேன்.

பிராம்ப்டன்அக்கா (சனி, காலை 10:01)

பாருங்கள், நான் சொன்ன ஆள் இங்கேயே இருக்கிறார்.

வயர்காரன்_மிசிசாகா (சனி, முற்பகல் 11:20)

சண்டையைப் பிறகு பிடிக்கலாம். பதினான்கு வருடமாக வீடுகளுக்குக் கேபிள் இழுக்கிறேன். தங்கச்சி, எந்தப் பெட்டியும் இப்போது வாங்க வேண்டாம். எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, ஃபர்னஸும் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) சுடுதண்ணீர் டாங்கும் எங்கே நிற்கின்றன? பேஸ்மென்டில் வைஃபைக்கு மேல்தரை பெரிய தடையல்ல. பெரும்பாலான வீடுகளில் அது மரமும் ஜிப்சம் பலகையும்தான். நடுவில் நிற்கும் ஃபர்னஸும், அதிலிருந்து கூரையோடு ஓடும் தகரக் குழாய்களும், ஒரு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிரம்பிய இரும்பு டாங்கும்தான் சிக்னலை விழுங்குகின்றன. அவற்றின் நிழலில் உங்கள் அறை இருந்தால் உள்ளே எந்த ரிப்பீட்டரைச் சொருகினாலும் பயனில்லை. செவிடனிடம் சேதி சொல்லி அனுப்புவதைப் போல. ரிப்பீட்டருக்கு முதலில் நன்றாகக் கேட்க வேண்டும். அதனால் சிக்னல் சாகும் இடத்தில் வைக்கக் கூடாது, சாவதற்கு முன்னால் வைக்க வேண்டும். பிராம்ப்டன் அக்கா வீட்டில் அறைக்குள்ளேயே வேலை செய்கிறதென்றால் அங்கே இடையில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு, மேலே அந்த ரூட்டர் எப்படி இருக்கிறது? திறந்த மேசையிலா, தொலைக்காட்சி அலமாரிக்குள்ளா?

மூன்று, அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து அறை வரை மெதுவாக நடங்கள். எண் மைனஸில் வரும். சுழியத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. மைனஸ் 67 வரை வீடியோவுக்குத் தாங்கும். 80ஐத் தாண்டினால் வணக்கம் சொல்வதற்குள் அறுந்துவிடும்.

ஊர் ரூட்டரைப் பற்றி: அதன் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் இங்கே சொருகுங்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் நாட்டின் பெயரை மாற்றி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சேனல் 1, 6, 11 இவற்றில் ஒன்றைக் கொடுங்கள். ஊரில் 13 வரை உண்டு, இங்கே 11 வரைதான் வழக்கம். சேனல் 13இல் நிற்கும் ரூட்டரை இங்கே வாங்கிய போன் பல நேரம் பார்க்கவே பார்க்காது. ஆனால் அந்த ரூட்டருக்கு மேலிருந்து வயர் வர வேண்டும். அதனால் இப்போதைக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

புதுக்குடித்தனம் (சனி, மாலை 4:35)

அண்ணா, அளந்துவிட்டேன். பையனும் பின்னாலேயே ரிமோட்டைக் கையில் பிடித்து அளந்துகொண்டு வந்தான்.

மாடிப்படியின் அடியில் மைனஸ் 56. சமையலறையில் 59. அங்கிருந்து எங்கள் அறைக்கு ஒரு சிறிய நடை. அதன் இடதுபக்கக் கதவுக்குப் பின்னால்தான் ஃபர்னஸும் டாங்கும் இருக்கின்றன. கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது 63, இரண்டே அடி தள்ளி அந்தப் பக்கம் போனால் 76! அறைக்குள் கட்டிலருகே 85. நீங்கள் சொன்ன நிழல் எங்கே விழுகிறது என்று கோடு கிழித்தே காட்டலாம் போலிருக்கிறது.

மேலே போய்ப் பார்க்கத் தயக்கமாக இருந்தது. பிறகு கேசரி செய்து எடுத்துக்கொண்டு போனேன். ரூட்டர் தொலைக்காட்சிக்குக் கீழே கதவு போட்ட அலமாரிக்குள் இருக்கிறது, பக்கத்தில் பெரிய மீன் தொட்டி.

தோபாயோ_தமிழன் (சனி, மாலை 5:02)

மீன் தொட்டியா! காப்பறையே தேவலை.

வயர்காரன்_மிசிசாகா (சனி, மாலை 6:10)

தண்ணீரும் இந்த அலைகளைக் குடிக்கும், மீன் தொட்டிக்குப் பின்னால் யாரும் ரூட்டர் வைக்கக் கூடாது. வீட்டுக்கார அம்மாவிடம் இரண்டு நிமிடம் கேளுங்கள்: ரூட்டரை அலமாரிக்கு வெளியே எடுத்து, கேபிள் எட்டும் தூரத்தில், மாடிப்படிப் பக்கமாக உயரமான இடத்தில் வைக்க முடியுமா என்று. அவருக்கும் நல்லதுதான். இதற்குக் காசு இல்லை.

அடுத்தது, இரண்டு அலைவரிசையும் ஈதர்நெட் துளையும் உள்ள ரிப்பீட்டர் ஒன்று வாங்குங்கள். மாடிப்படியின் அடியில் சொருகுங்கள், அறைக்குள் வேண்டாம். பிறகு பதினைந்து மீட்டர் தட்டை ஈதர்நெட் கேபிள் ஒன்று. கேட்-5இ என்ற ரகம் போதும், நூறு மீட்டர் வரை தாங்கும். ரிப்பீட்டரின் துளையிலிருந்து சுவரோரமாக ஓட்டி, கதவுக்கு அடியால் அறைக்குள் கொண்டுபோய் லேப்டாப்பில் நேராகச் சொருகுங்கள். ஃபர்னஸைக் காற்றில் தாண்ட முடியாது, வயரில் தாண்டலாம். இரண்டும் சேர்ந்து உங்கள் நூறு டாலருக்குள் அடங்கும். கோவைக்காரர் சொன்ன பாதி வேகம் ஒற்றை ரேடியோ ரிப்பீட்டருக்கு உண்மைதான், ஆனால் வீடியோ அழைப்புக்கு அந்தப் பாதியில் ஒரு துண்டு போதும். அறிவிருந்தால் அவர் சொன்ன மெஷ்ஷும் நல்லதே, ஆனால் அதன் முதல் பெட்டியை மேலே அந்த அம்மாவின் ரூட்டரில்தான் மாட்ட வேண்டும்.

அறைச் சுவரில் தொலைக்காட்சிக் கேபிளுக்கான திருகு முனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அந்தக் கேபிள் வழியாகவே இணையம் கடத்தும் மோக்கா என்ற அடாப்டர்கள் உண்டு. காற்றைவிடப் பல மடங்கு நம்பலாம். மேலே ஒன்று, கீழே ஒன்று வேண்டும், விலை உங்கள் கணக்கைத் தாண்டும். வேலை கிடைத்த பிறகு பேசுவோம்.

கோவை_ஓக்வில் (சனி, இரவு 7:15)

"அறிவிருந்தால்" என்று எதற்கு?

வயர்காரன்_மிசிசாகா (சனி, இரவு 7:18)

மன்னிக்க வேண்டும் தம்பி, "அளவிருந்தால்" என்று எழுத வந்தேன். பெரிய வீடாக இருந்தால் என்ற அர்த்தத்தில்.

மார்க்கம்வாசி91 (சனி, இரவு 8:40)

தங்கச்சி, உங்கள் வாடகை ஒப்பந்தத்தையும் ஒருக்கால் பாருங்கள். 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு ஒன்ராறியோவில் பெரும்பாலான வீட்டு வாடகைக்கு அரசின் பொதுப் படிவம்தான். வாடகையோடு என்னென்ன சேர்த்தி என்று எழுத அதில் இடம் இருக்கிறது. இணையம் என்று எழுதியிருந்தால் அது உங்களுக்குச் சேர வேண்டியது, தயவு அல்ல. வீட்டுக்காரனாகச் சொல்கிறேன்.

திங்கள் காலை எல்லாம் கைவிட்டால் நூலகத்துக்குப் போங்கள். டொராண்டோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள், எங்கும் வைஃபை இலவசம். சில கிளைகளில் தனி அறை முன்பதிவு செய்யலாம். திறக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். என் மகள் முக்கால்வாசிப் படிப்பையும் அங்கேதான் முடித்தாள்.

புதுக்குடித்தனம் (ஞாயிறு, மாலை 5:50)

ரூட்டர் இப்போது மேலே படிக்கட்டுப் பக்க அலமாரித் தட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கார அம்மாவே ஸ்டூல் போட்டு ஏறி வைத்தார். படியின் அடியில் மைனஸ் 44 ஆகிவிட்டது. ரிப்பீட்டரும் கேபிளும் சேர்த்து அறுபத்தெட்டு டாலர், வரி உட்பட. கேபிளைச் சுவரோரம் ஒட்டிக்கொண்டே வந்தோம். அறைக்குள் லேப்டாப்பில் அம்மாவோடு நாற்பது நிமிடம் பேசினேன், ஒருமுறைகூட உறையவில்லை. கடைசியில் அவர்தான் அடுப்பில் பால் என்று போய்விட்டார்.

புதுக்குடித்தனம் (ஞாயிறு, இரவு 10:12)

அண்ணா, போய்விட்டது! பத்து மணிக்கு டக்கென்று எல்லாம் நின்றுவிட்டது. ரிப்பீட்டரில் விளக்கே இல்லை. எரிந்துவிட்டதா? கடை மூடிவிட்டார்கள், காலையில் பத்து மணிக்கு நேர்காணல்.

பிராம்ப்டன்அக்கா (ஞாயிறு, இரவு 10:15)

மேலே அணைத்திருப்பார்கள். நான் சொன்னேன் அல்லவா.

வயர்காரன்_மிசிசாகா (ஞாயிறு, இரவு 10:19)

பதற வேண்டாம். பத்து மணிக்கு மேலே யாராவது மாடிப்படி விளக்கை அணைத்தார்களா?

புதுக்குடித்தனம் (ஞாயிறு, இரவு 10:22)

ஆமாம், வீட்டுக்கார அம்மா படுக்கப் போகும்போது தினமும் அணைப்பார்.

வயர்காரன்_மிசிசாகா (ஞாயிறு, இரவு 10:25)

இந்த ஊர் வீடுகளில் சில பிளக்குகளைச் சுவர் சுவிட்சோடு இணைத்திருப்பார்கள், நிற்கும் விளக்கு வைப்பதற்காக. பெரும்பாலும் இரண்டு துளையில் ஒன்றுதான் சுவிட்சுக்குக் கட்டுப்பட்டது, மற்றது எப்போதும் உயிரோடு இருக்கும். ரிப்பீட்டரைக் கழற்றி அடுத்த துளையில் சொருகிப் பாருங்கள்.

புதுக்குடித்தனம் (ஞாயிறு, இரவு 10:31)

கீழ்த் துளைக்கு மாற்றினேன். எரிகிறது. மேல் துளையில் ஒட்டும் நாடா ஒட்டிவிட்டேன், பையன் கை வைக்காமல் இருக்க.